காம்பவுண்ட் வில்: முதலில் நிலை, அப்புறம் சைட் (கடலூர், புதுச்சேரியில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு)

காம்பவுண்ட் வில் (முனைகளில் சக்கரம் வைத்த நவீன வில்) வாங்கிய பலருக்கும் முதல் மாதம் ஒரே மாதிரிதான் போகிறது. பெட்டி வந்து சேரும். வீடியோ பார்த்து சைட்டை, அதாவது குறிபார்க்கும் கருவியை, மாட்டுவார்கள். அம்பு இலக்கின் நடுவில் இருக்கும் மஞ்சளுக்கு இடப்பக்கம் போகும், உடனே சைட்டைத் திருகும் ஆலன் கீ கையில் வந்துவிடும். மறுநாள் வலப்பக்கம் போகும், திரும்பவும் திருகல். மாதக் கடைசியில் சைட் எந்த எண்ணில் நிற்கிறது என்று வைத்திருப்பவருக்கே தெரியாது.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி சேர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு நம் பக்கத்திலும் விசாரிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆனால் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் கிடைப்பது இன்னும் கஷ்டம்தான். தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன். உடம்பு ஒவ்வொரு அம்புக்கும் ஒரே மாதிரி நிற்காதவரை சைட் காட்டும் எதையும் நம்பக் கூடாது. அதனால்தான் சைட் இந்தக் கட்டுரையில் இவ்வளவு தள்ளி வருகிறது. வலக்கைக்காரரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன், இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

1. இடமும் காகிதங்களும்

மொட்டை மாடி, சவுக்குத்தோப்பு, கடற்கரை மூன்றும் வேண்டாம். 50 பவுண்டு காம்பவுண்ட் வில்லிலிருந்து மேல்நோக்கித் தவறிப்போகும் அம்பு 200 மீட்டரைத் தாண்டி விழும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஆளில்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. கடலூரில் என்றால் மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கத்துக்குப் போய் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பாருங்கள். புதுச்சேரியில் என்றால் உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் விசாரிக்கத் தொடங்குங்கள். அம்பு எய்ய எந்த நேரத்தில், யாருடைய மேற்பார்வையில் அனுமதி என்பதை நேரிலேயே கேட்டுவிடுங்கள். போனில் கேட்டால் பெரும்பாலும் 'நேரில் வாங்க' என்றுதான் பதில் வரும்.

ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், மாணவர் என்றால் பள்ளி அல்லது கல்லூரியின் போனஃபைடு, 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் ஒப்புதல் கடிதம், இவை எல்லாவற்றிலும் இரண்டு மூன்று செட் எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள்.

இதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் தனியாக இருக்கும், பள்ளிச் சான்றிதழில் முன்னால் ஒற்றை எழுத்தாக இருக்கும், ஆதாரில் பின்னால் முழுசாக விரிந்திருக்கும். போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது மூன்றையும் ஒப்பிட்டால் மூன்று ஆள் போலத் தெரியும். திருத்தம் செய்ய வாரக்கணக்கில் ஆகலாம். வில் வாங்குவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

இன்னொன்று எல்லை. கடலூர் தமிழ்நாடு, புதுச்சேரி யூனியன் பிரதேசம். பேருந்தில் முக்கால் மணி நேரப் பயணம் என்பதால் நமக்கு இரண்டும் ஒரே ஊர். போட்டி அமைப்புகளுக்கு அப்படி இல்லை. வீடு கடலூரில், கல்லூரி புதுச்சேரியில் என்று இருப்பவர்கள் எந்தப் பக்கம் பதிவு செய்யப்போகிறோம் என்று முதலிலேயே முடிவெடுத்து, அதற்கேற்ற முகவரிச் சான்றை வைத்துக்கொள்ள வேண்டும்.

வில் வாங்கிய ரசீதின் நகலை வில் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். எல்லைச் சோதனைச் சாவடியில் பாட்டில் தேடுபவர்கள் நீளப் பெட்டியைப் பார்த்தால் திறக்கத்தான் சொல்வார்கள். ரசீதும் பயிற்சியாளரின் ஒரு கடிதமும் இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். விமானத்தில் வில்லும் அம்பும் கைப்பையில் போகாது, செக்-இன் சாமானில்தான் போட வேண்டும். கொக்கு, முயல் என்று ஆசைகாட்டும் நண்பர் யாராவது இருந்தால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வழக்கு பாயும் என்று சொல்லிவிடுங்கள்.

2. வாங்குவதற்கு முன் அளவெடுங்கள்

காம்பவுண்டில் எவ்வளவு தூரம் இழுப்பது என்பதை வில்லின் கேம்தான் (முனையில் நாண் சுற்றும் சக்கரம்) முடிவு செய்யும், உங்கள் கை இல்லை. அளவு தவறினால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் நிலை வராது.

சுவரில் முதுகைச் சாய்த்து, இரு கைகளையும் தோள் உயரத்தில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனிவரை அங்குலத்தில் அளக்கச் சொல்லுங்கள். அதை 2.5-ஆல் வகுத்தால் உத்தேச இழுப்பு நீளம் வரும். 70 அங்குலம் என்றால் 28. கைகளை வலிந்து நீட்டினால் அளவு கூடிவிடும், இயல்பாக விரித்தால் போதும். இது தொடக்கப் புள்ளிதான். கேமில் மாட்டும் மாட்யூல் என்ற துண்டை மாற்றி அரை அங்குலம் கூட்டவும் குறைக்கவும் முடிகிற வில்லாகப் பார்த்து வாங்குங்கள். எனக்கு ஆன்லைனில் வந்த முதல் வில் கேட்ட அளவில் இல்லை, திருப்பி அனுப்பி வாங்குவதற்குள் ஒரு சீசனே போய்விட்டது. பெட்டி வந்ததும் அம்பு எய்வதற்கு முன் கேமில் பொறித்திருக்கும் அளவைப் படமெடுத்து வைப்பது நல்லது.

இழுப்பு எடையில் (நாணை இழுக்கத் தேவையான விசை) வீராப்பு வேண்டாம். உலக வில்வித்தைப் போட்டிகளில் காம்பவுண்டுக்கு உச்சவரம்பே 60 பவுண்டுதான். புதிதாகத் தொடங்கும் ஆண்களுக்கு 35 முதல் 45, பெண்களுக்கும் பதின்வயதினருக்கும் 25 முதல் 35 பவுண்டு போதும். நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு, வில்லை வானத்தைப் பார்த்து உயர்த்தாமல் நேராக இழுக்க முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த எடை இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. முழுதாக இழுத்த பிறகு கேம் சுமையைக் குறைத்துக்கொடுக்கும். 50 பவுண்டு வில்லில் 75 சதவீதம் குறைந்தால் நீங்கள் பிடித்திருப்பது பன்னிரண்டரை பவுண்டுதான்.

செலவைப் பொறுத்தவரை தொடக்கநிலை வில் ஒன்று 20,000 முதல் 40,000 ரூபாய் வரை ஆகும். பேர்பெற்ற கம்பெனிகளின் பந்தய வில் லட்சத்தைத் தாண்டிவிடும். பலர் வில்லிலேயே பணத்தை முடித்துவிட்டு சைட், ரெஸ்ட் (அம்பைத் தாங்குவது), ரிலீஸர் (நாணைப் பிடித்து விடும் கைக்கருவி), அம்பு, பெட்டி என்று வரும்போது திணறுகிறார்கள். மொத்தத் தொகையில் பாதியை மட்டும் வில்லுக்கு ஒதுக்குங்கள். அம்பு விஷயத்தில் கஞ்சத்தனம் ஆபத்து. வில்லின் ஒரு பவுண்டு இழுப்பு எடைக்கு 5 கிரெயினுக்கு (அம்பை நிறுக்கும் அளவு) குறையாத எடை அம்புக்கு இருக்க வேண்டும். அதாவது 50 பவுண்டு வில்லுக்குக் குறைந்தது 250 கிரெயின். அதைவிட இலேசான அம்பு வில்லையே உடைக்கும்.

அம்பு இல்லாமல் இழுத்து நாணை விடவே கூடாது. பார்க்க வந்த சித்தப்பா பையன் 'ஒரு தடவை' என்று கேட்டால்கூட. லிம்ப் (வில்லின் வளையும் பகுதி) பிளந்துவிடும், கேபிள் கழன்று முகத்தில் அடிக்கும்.

3. உடம்பை நிறுத்துங்கள்

ஹவாய் செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டையான ஷூ போடுங்கள். கால்கள் தோள் அகலம், முன்கால் சற்றே திறந்தாற்போல். இடுப்பை முன்னால் தள்ளாதீர்கள். வில்லைத் தூக்கும்போது தோளும் சேர்ந்து ஏறும், அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டு அப்புறம் இழுங்கள். வில் பிடித்த முழங்கையைக் கொஞ்சம் வெளிப்புறமாகத் திருப்பினால் நாண் முன்கையில் அடிக்காது.

அதிகம் கவனிக்க வேண்டியது பிடி. கைப்பிடி உட்கார வேண்டிய இடம் ஆயுள் ரேகைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே இருக்கும் சதை. ரேகையைத் தாண்டிவிட்டால் கை வில்லைத் திருக ஆரம்பிக்கும். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. கைப்பிடியில் கொஞ்சம் முகப்பவுடர் தடவி, அம்பு மாட்டி இலக்கைப் பார்த்து இழுத்து, எய்யாமல் மெதுவாக இறக்குங்கள். உள்ளங்கையைப் பாருங்கள். வெள்ளை ரேகைக்குள்ளேயே நின்றால் சரி. சுண்டுவிரல் பக்கம்வரை பூசியிருந்தால் முழுக் கையால் பிடித்திருக்கிறீர்கள். மணிக்கட்டு வாரைக் கட்டிக்கொண்டால் வில் விழாது, விரல்களைத் தளர விடலாம். நம் கடலோர ஈரத்தில் உள்ளங்கை வியர்த்துக் கைப்பிடியில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் பிடி ஒவ்வொரு அம்புக்கும் வேறு இடத்தில் உட்காரும். இடுப்பில் ஒரு துண்டு இருக்கட்டும்.

முழுதாக இழுத்ததும் நாண் மூக்கு நுனியையும் வாயோரத்தையும் தொட வேண்டும். ரிலீஸர் பிடித்த கை தாடை எலும்பில் ஒரு நிலையான இடத்தில் பதிய வேண்டும். நாணைத் தேடித் தலை போகக் கூடாது, நாண்தான் முகத்துக்கு வர வேண்டும். இங்கேதான் அளவுக் கோளாறு வெளியே தெரியும். உடம்பு பின்னால் சாய்கிறது, முன்தோள் காதை நோக்கி ஏறுகிறது, நாண் முன்கையில் அடிக்கிறது என்றால் நீளம் அதிகம். முழங்கை நன்றாக மடங்கி, எல்லாம் நெருக்கமாக இருந்தால் நீளம் குறைவு. பக்கவாட்டிலிருந்து ஒருவரைப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் பார்த்தால் நாம் நம்மை ஏமாற்றிக்கொள்வோம்.

4. விடுவது

ரிலீஸரின் விசையைச் சட்டென்று அழுத்துவதுதான் புதியவர்களின் பெரும் நோய். சைட்டின் குறிமுள் மஞ்சளுக்கு வந்த நொடியில் விரல் பாயும், அம்பு நீலத்துக்குப் போகும். குறிமுள் ஆடத்தான் செய்யும், அதை நிறுத்த முயலாதீர்கள். விரலை விசையில் சுற்றி வைத்து, முதுகுத் தசையால் முழங்கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருங்கள். விசை தானாக விடுபட வேண்டும். இலக்கில் 'தொப்' என்று சத்தம் கேட்கும்வரை வில் பிடித்த கை இறங்கக் கூடாது.

பழக்கம் வர 3 மீட்டரில் வெறும் பஞ்சு இலக்கை வைத்து, காகிதம் ஒட்டாமல், கண்ணை மூடி எய்யுங்கள். ஒரு சில வாரங்கள் இது மட்டும்தான். சலிப்பாக இருக்கும், ஆனால் வேறு வழியில்லை. வீட்டில் பழக வில் தேவையில்லை. ஹார்டுவேர் கடையில் கொஞ்சம் நைலான் கயிறு வாங்கி, உங்கள் இழுப்பு நீளத்துக்கு வளையமாக முடிந்து, ஒரு முனை கையில், மறு முனை ரிலீஸரில் என்று மாட்டி இழுத்து விடுங்கள். விரலால் அழுத்தினால் கயிறு கோணலாகத் துள்ளும், முதுகால் இழுத்தால் நேராகப் பறக்கும்.

எட்டு, பத்து விநாடி பிடித்தும் விடுபடவில்லை என்றால் இறக்கிவிடுங்கள். இறக்கத் தெரிந்தவரே நல்ல வில்லாளி.

5. பீப்

கண்ணை மூடி இழுத்து, தாடையில் கையைப் பதித்துவிட்டுக் கண்ணைத் திறங்கள். நாணில் பொருத்தும் சிறு வளையமான பீப்பின் துளை நேராகக் கண் முன்னால் இருக்க வேண்டும். தலையை உயர்த்தியோ தாழ்த்தியோ தேட வேண்டியிருந்தால் பீப்பை நகர்த்த வேண்டும், தலையை அல்ல. பீப்பின் வட்டத்துக்குள் ஸ்கோப்பின் (சைட்டில் இருக்கும் லென்ஸ் கூடு) வட்டம் சரியாகப் பொருந்தி, சுற்றிலும் மெல்லிய வெளிச்ச வளையம் தெரிந்தால் துளை அளவு சரி. வளையம் ஒரு பக்கம் தடித்திருந்தால் உங்கள் பிடியோ தாடையில் கை பதியும் இடமோ மாறியிருக்கிறது. ஒவ்வொரு அம்புக்கும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பீப்பைப் பொருத்த நாணைத் தளர்த்த வேண்டும், அதற்கு லிம்பை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் என்ற கருவி வேண்டும். பக்கத்தில் யாரிடம் பிரஸ் இருக்கிறது என்று வில் வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள். லிம்ப் போல்ட்டைக் கழற்றித் தளர்த்திச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒவ்வொரு வில்லுக்கும் எத்தனை சுற்று வரை தளர்த்தலாம் என்று கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டினால் வில் கையில் வெடிக்கும்.

6. ரெஸ்ட்

பழைய சட்டத்தில் நாளிதழை இழுத்து ஒட்டி, 2 மீட்டர் தள்ளி நின்று அதன் வழியே எய்யுங்கள். பின்னால் இலக்கு இருக்கட்டும். வட்டத் துளையும் மூன்று இறகுக் கீறலும் மட்டும் தெரிந்தால் நல்லது. அம்பின் வால் மேலே கிழித்திருந்தால் ரெஸ்ட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள், கீழே கிழித்திருந்தால் தாழ்த்துங்கள். பக்கவாட்டில் கிழித்தால் ரெஸ்ட்டைத் தொடும் முன் பிடியைச் சந்தேகப்படுங்கள். பவுடர் சோதனையைத் திரும்பச் செய்தால் பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

7. இப்போது சைட்

முதலில் மட்டம். தச்சுப்பட்டறையில் ஒரு வைஸ் கேளுங்கள். ரைசரை (வில்லின் நடுச்சட்டம்) மட்டும் துணி சுற்றிப் பிடிக்கலாம், லிம்பைப் பிடிக்கக் கூடாது. கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு நாணை அதற்கு இணையாக நிறுத்துங்கள். சைட்டின் செங்குத்துத் தண்டும் அதே நூலுக்கு இணையாக இருக்க வேண்டும். பிறகு ஸ்கோப்பில் இருக்கும் ரசமட்டக் குமிழைப் பாருங்கள். நடுவில் இல்லை என்றால் ஸ்கோப்பின் திருகைத் தளர்த்திக் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து இறுக்குங்கள். ஸ்கோப்பை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்க்கும்போது குமிழ் நகராமல் இருந்தால் முடிந்தது. மேடு பள்ளத்தில் எய்யும் ஃபீல்டு போட்டிக்கு இன்னோர் அச்சையும் சரிசெய்ய வேண்டும். நம் மைதானங்கள் சமதளம், அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

மட்டத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், வில் வலப்பக்கம் சாய்ந்தால் அம்பும் வலப்பக்கம் போகும். குமிழ் பொய் சொன்னால் நீங்கள் நாள் முழுவதும் காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இனி எய்யலாம். 10 மீட்டரில் தொடங்கி 20, 30 என்று போங்கள். அம்பு போன பக்கமே சைட்டை நகர்த்த வேண்டும். இடப்பக்கம் போனால் இடப்பக்கம், மேலே போனால் மேலே. குழப்பமாக இருந்தால் இப்படி யோசியுங்கள்: சைட்டை இடப்பக்கம் தள்ளினால், குறிமுள்ளை மஞ்சளுக்குக் கொண்டுவர வில்லை வலப்பக்கம் நகர்த்த வேண்டிவரும், அம்பும் வலப்பக்கம் வரும். தூரம் கூடக் கூட ஸ்கோப் கீழே இறங்கும்.

ஓர் அம்பைப் பார்த்துத் திருகாதீர்கள். ஆறு அம்பு எய்து, தனியாக ஓடிப்போன ஒன்றை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றின் நடுப்புள்ளியைப் பாருங்கள். அடுத்த ஆறும் அதே இடத்தில் விழுந்தால் மட்டும் சாவியை எடுங்கள். ஆறும் தட்டு முழுக்கச் சிதறியிருந்தால் மூன்றாவது, நான்காவது படிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

எவ்வளவு நகர்த்துவது என்பதற்கும் கணக்கு உண்டு. பீப்பிலிருந்து ஸ்கோப் ஏறக்குறைய 90 செ.மீ. தள்ளி இருக்கும். அப்படியானால் சைட்டில் 1 மி.மீ. நகர்த்தினால் 20 மீட்டரில் அம்பு 2 செ.மீ.க்குச் சற்று மேலும், 50 மீட்டரில் ஐந்தரை செ.மீ.யும் நகரும். 50 மீட்டரில் பயன்படும் 80 செ.மீ. இலக்குத் தாளில் ஒரு வளையத்தின் அகலம் 4 செ.மீ. ஆக 1 மி.மீ. என்பது ஒரு புள்ளிக்கும் மேல். 20 மீட்டரில் சரியாகத் தெரிந்த இட-வல அமைப்பு 50-இல் விலகுவதும் இதனால்தான். நீளத் தூரத்தில் ஒருமுறை திருத்திக்கொள்ளுங்கள்.

இழுப்பு எடை குறைந்த வில்லோடு 50 மீட்டர் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்கோப் மிகவும் கீழே இறங்கி அம்பின் பாதையில் வந்துவிடும், இறகு ஸ்கோப்பில் உரசிப் பறக்கும். சைட்டின் நீட்டுத் தண்டை உள்ளே இழுத்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும். அதுவும் போதாது என்றால் 30, 40 மீட்டரோடு இப்போது நிறுத்திக்கொண்டு, எடை கூட்டிய பிறகு 50-க்குப் போகலாம்.

ஒவ்வொரு தூரத்துக்கும் கிடைத்த எண்ணை நோட்டில் எழுதி, அளவுகோலையும் படமெடுத்து வையுங்கள். பேருந்தில் ஒரு குலுக்கலில் சைட் நகர்ந்துவிட்டால் அந்தப் படம்தான் காப்பாற்றும்.

8. காற்று, வெயில், உப்பு

மைதானத்தில் வடக்கு பார்த்து எய்வதுதான் நல்லது, சூரியன் கண்ணில் விழாது. அப்படி நின்றால் நமக்குக் கடல் வலப்பக்கம். வெயில் ஏறி, பகலில் கடற்காற்று திரும்பியதும் அம்பு இடப்பக்கம் தள்ளிப்போகும். அதற்காக சைட்டைத் திருகினால் மறுநாள் காலை எல்லாம் வலப்பக்கம் விழும். சைட் எண் எடுக்கும் வேலையைக் காலை 6 முதல் 8 மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக மைதானத்துக்கு வந்தால் ஸ்கோப் லென்ஸ் பனி பூத்துவிடும். விரலால் துடைத்தால் கோடு விழும். பெட்டியைத் திறந்து நிழலில் கொஞ்ச நேரம் வைத்தால் தானே தெளியும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் மைதானம் நின்றுவிடும். அந்த மாதங்களை 18 மீட்டர் உள்ளரங்கப் பயிற்சிக்கும் கயிற்றுப் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் வில்லை விடாதீர்கள். நாண் நீண்டு, பீப் திரும்பிக்கொள்ளும், எண் எல்லாம் மாறும். வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சிறு திருகுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். உப்புக் காற்றில் ஆலன் திருகு துருப்பிடித்துத் தலை தேய்ந்தால் எடுப்பது பெரும்பாடு. நாணுக்கு மெழுகு தடவுங்கள், நூல் சுற்றிய பகுதிகளை விட்டுவிட்டு. புது நாண் போட்டால் நூறு, இருநூறு அம்பு போகும்வரை அது நீண்டுகொண்டே இருக்கும். அதனால் போட்டிக்கு முந்தின வாரம் நாண் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் 20, 50 இரண்டு எண்ணையும் மறுபடி எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.